வெள்ளோட்டம் கண்ட வீரர் அபேபே பிகிலா

கடலோடிகளின் ஊராகிய வல்வெட்டித்துறையிலே வெள்ளோட்டம் என்னுஞ் சொல்லுக்குப் பொருள் காண அகராதியைப் புரட்ட வேண்டுவதில்லை. கரையிலே கட்டி முடித்த கப்பலைச் சரக்கேற்றித் தூரதேசம் அனுப்புமுன் அண்மைக் கடலிற் சிறிது தூரம் ஓடவிட்டுப் பார்ப்பது வெள்ளோட்டம். கோயிலுக்குப் புதிதாகச் செய்த தேரை, சுவாமி எழுந்தருளுமுன், வீதியிலே இழுத்துப் பார்ப்பதும் வெள்ளோட்டமே. எங்கே நீர் கசிகின்றது, எந்தப் பக்கம் சாய்கின்றது, பாய்மரம் எவ்வளவு காற்றைத் தாங்குகின்றது, எந்தச் சில்லு உராய்கின்றது என்பவற்றைத் தச்சரின் வாய்ச்சொல்லால் அறிந்துவிட முடியாது. ஓட்டந்தான் சொல்லும்.

மனித உடம்பும் அத்தகையதே. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னோடியாக ஆண்டுதோறும் பாடசாலைகள் தெருவிலே நடத்தும் மரதன் ஓட்டத்தை வெறும் சடங்கென்று கருதும் மாணவர் பலர் உளர். பரிசு பெறக்கூடியவர் நாலைந்து பேர்தாமே, மற்றவர் ஏன் வெயிலிலே வியர்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக ஒரு பெருவீரரின் வாழ்க்கையை இம்மலரிலே சொல்லலாம் என்று கருதினோம். 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த தொண்டைமானாற்று நவரத்தினசாமி அவர்களையும், 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்திய நம்மூர் ஆழிக்குமரன் ஆனந்தன் அவர்களையும் நம்மவர் நன்கு அறிவர். அவர்கள் புகழைப் பாடப் பிறர் உளர். நாம் எடுத்துக்கொண்டவர் தரையிலே ஓடியவர். எதியோப்பிய நாட்டவர். அபேபே பிகிலா என்பது அவர் பெயர்.

அபேபே 1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் எதியோப்பியாவின் சோவா மாகாணத்திலே, ஜாத்தோ என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவ்வாண்டின் ஒலிம்பிக் மரதன் ஓட்டம் நடைபெற்றதும் அதே நாளிலேதான். இதைச் சோதிடமாகக் கொள்வார் கொள்க. நாம் தற்செயல் என்றே கொள்வோம். எளிய குடும்பம், மேட்டுநில வாழ்வு. அவருக்கு மூன்று வயதாக இருக்கையிலே, 1935இல், இத்தாலியப் படை எதியோப்பியாவிற் புகுந்தது. குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்து, அந்நியர் ஆட்சி 1941இல் ஒழிந்த பின்னரே திரும்பியது. இளமையில் அவர் விரும்பி ஆடியது கெனா என்னும் ஆட்டம். வளைந்த கோலாற் பந்தை அடித்துக்கொண்டு பரந்த வெளியில் ஓடுவது. எல்லைக் கம்பங்கள் வெகு தொலைவில் இருக்குமாதலால், அதனை ஆடுவோர் ஓடியே தீரவேண்டும்.

இருபது வயதளவில் அவர் தலைநகராகிய அடிஸ் அபாபாவை அடைந்து, பேரரசர் ஹெய்லி செலாசியின் மெய்காவற் படையிலே சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். படைவீரர்க்கு உடற்பயிற்சி அளிக்க வந்திருந்த ஒருவரின் கண்ணில் அவர் பட்டமையே அவர் வாழ்வின் திருப்பம். ஒன்னி நிஸ்கனென் என்னும் அப்பயிற்சியாளர் பின்லாந்திற் பிறந்து சுவீடன் நாட்டவராக வளர்ந்தவர். பின்லாந்தவர்க்கு நெடுந்தூர ஓட்டம் கைவந்த கலை. நிஸ்கனென் தம் மாணாக்கரின் உடல்நிலையைக் குறித்துத் தாமே கற்பனை செய்துகொள்பவரல்லர்; கைக்கடிகாரத்தை நம்பியவர். ஓடவிட்டு, நேரங் குறித்து, மறுபடி ஓடவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்.

இவ்வழக்கம் அவரோடு தோன்றியதன்று. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலே 1500 மீற்றர், 5000 மீற்றர் ஆகிய இரு இறுதிப் போட்டிகளும் ஏறக்குறைய ஒரு மணிநேர இடைவெளியில் நடக்கவிருந்தன. இரண்டையும் ஒருவர் ஓடி வெல்வது இயலுமா? பின்லாந்தின் பாவோ நூர்மி இதைப்பற்றி எவரோடும் விவாதித்துக் கொண்டிருக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் ஹெல்சிங்கியிலே, அதே இரு ஓட்டங்களையும் அதே அளவு ஓய்வு விட்டு ஓடிப் பார்த்தார். இரண்டிலும் உலக சாதனை ஏற்பட்டது. அடுத்த மாதம் பாரிசிலே இரண்டிலும் தங்கப் பதக்கம் பெற்றார். ஊரிலே ஓடிய ஓட்டம் வழியைக் காட்டிற்று. உலகம் பார்த்த ஓட்டம் அவ்வழியே சென்றது.

அபேபேயின் பயிற்சியும் தெருவிலேதான் நிகழ்ந்தது. சுலுல்ட்டா மலைப்பக்கத்திலிருந்து தலைநகர்வரை ஒவ்வொரு நாளும் இருபது கிலோமீற்றர் ஓடுவது அவர்க்கு வழக்கம். ஆனால் நாள்தோறும் ஓடுபவர்க்கெல்லாம் தம் நிலை தெரிந்துவிடுவதில்லை. தனியே ஓடும்போது களைத்தால் சற்றே தளர்த்துகிறோம். காற்று எதிர்த்தால் நாளை பார்ப்போம் என்கிறோம். பக்கத்திலே இன்னொருவன் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போதுதான் தளர்த்த மனம் வருவதில்லை. பயிற்சி உடம்பை வளர்க்கிறது. போட்டி அதை நிறுத்துப் பார்க்கிறது. நிறுக்காமல் விற்கும் வியாபாரிக்குக் கைம்முதல் எவ்வளவு என்று தெரியாதது போல, ஓடிப் பாராத வீரனுக்குத் தன் பலம் எவ்வளவென்று தெரியாது.

1960ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே அபேபேக்கு யெவுப்தார் என்னும் நங்கையோடு திருமணம் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையிலே அடிஸ் அபாபாவில் நடந்த மரதன் ஓட்டத்தில் அவர் ஓடினார். முழுமையான மரதன் தூரமாகிய 42.195 கிலோமீற்றரை அவர் போட்டியாக ஓடியது அதுவே முதன்முறை. வெற்றி பெற்றார். ஒரு மாதம் கழிந்து அதே நகரில் மற்றோர் ஓட்டம். அதிலே 2 மணி 21 நிமிடம் 23 விநாடியில் ஓடி முடித்தார். 1952இல் ஹெல்சிங்கியிலே செக்கோசிலோவாக்கிய வீரர் எமில் சாத்தோபெக் நாட்டிய ஒலிம்பிக் சாதனை 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடி. உலகத்தார் பெயரே கேட்டறியாத ஒரு சிப்பாய், உள்ளூர்த் தெருவிலே அச்சாதனையை விஞ்சிவிட்டார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடிஸ் அபாபா கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. நம் நுவரெலியாவைக் காட்டிலும் உயரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையிற் கிடைப்பதில் முக்காற்பங்கு அளவே. அத்தகைய காற்றிலே இவ்வளவு விரைந்து ஓடியவர் தாழ்நிலத்திலே எவ்வளவு விரைவார் என்பதை நிஸ்கனென் கணக்கிட்டிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆகவேதான், உள்ளூர் ஓட்டத்தின் நேரத்தை எழுதும்போது, அது எங்கே, எந்தக் காற்றிலே, எந்தத் தரையிலே ஓடப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்கிறோம். தொண்டைமானாற்றிலிருந்து வல்வெட்டித்துறை, பொலிகண்டி வழியாகப் பருத்தித்துறை நோக்கிச் செல்லும் நம் கடற்கரை வீதியிலே, கச்சான் காற்று முதுகைத் தள்ள ஓடிவிட்டு, மார்தட்டிக்கொள்ளும் இளைஞரை நாம் அறிவோம். அதே தெருவிலே அதே நாள் திரும்பி ஓடச் சொன்னால் உண்மை வெளிப்படும். போகவர ஓடும் ஓட்டமே நேர்மையான அளவுகோல்.

உரோமாபுரி ஒலிம்பிக்கின் மரதன் ஓட்டம் 1960 செப்டெம்பர் 10ஆம் நாள் மாலை நிகழ்ந்தது. வெயிலுக்கு அஞ்சிப் பொழுது சாயும் வேளையிலே தொடக்கினர், முடிவோ இருளிலே. வழியோரமெங்கும் இத்தாலியப் படைவீரர் தீப்பந்தம் ஏந்தி நின்றனர். நம் நாட்டவரான லைனஸ் டயசும் அன்று ஓடியவர்களுள் ஒருவர் என்பதை இலங்கை மாணவர் அறிந்துகொள்ள வேண்டும்.

அபேபே அன்று வெறுங்காலுடன் ஓடினார். இதை ஏழை இடையன் ஒருவன் காலுக்குச் செருப்பின்றி ஓடி உலகை வென்ற கதையாகச் சொல்லிச் சொல்லி நம்மவர் கண்ணீர் வடிப்பதுண்டு. அவ்வாறு சொல்வது அவ்வீரர்க்குச் செய்யும் நியாயமன்று என்பது எம் கருத்து. அவர் பேரரசின் படைவீரர். காலணி வாங்க வகையற்றவரல்லர். உரோமாபுரியிலே புதுக் காலணி வாங்கியும் பார்த்தார். அது பொருந்தாமற் கொப்புளம் எழுப்பிற்று. வெறுங்காலோடும் பயிற்சி செய்து பழகியவராதலின், பழகாத காலணியை விடப் பழகிய பாதமே மேலென்று தேர்ந்தார். வறுமை அங்கே பேசவில்லை. சோதித்துப் பார்த்து எடுத்த முடிவு பேசிற்று. போட்டி நாளன்று புதுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்து, அரைவழியில் அதைக் கையிலே தூக்கிக்கொண்டு நொண்டும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

ஓட்டத்தின் பிற்பகுதியிலே அபேபேயும் மொறோக்கோ நாட்டு ராடி பென் அப்டெசலாமும் மற்றவரைப் பின்தள்ளி இணைந்தோடினர். இதிலே ஒரு சுவையான செய்தி உண்டு. ராடியின் இலக்கம் 26 என்று அபேபேக்குச் சொல்லப்பட்டிருந்தது. ராடியோ இரண்டு நாட்களுக்கு முன் 10,000 மீற்றர் ஓட்டத்திலே அணிந்த 185ஆம் இலக்கத்தையே அணிந்து வந்திருந்தார். தம் தோளோடு தோள் உரச ஓடுபவர்தாம் தாம் அஞ்சிய ராடி என்பதை அறியாமல், 26ஆம் இலக்கத்தார் முன்னே எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி, அவரைப் பிடிக்கும் பொருட்டு அபேபே விரைந்துகொண்டேயிருந்தார்! உடம்பிலே வலுவில்லாதவர்க்கு இத்தகைய மயக்கம் நேர்ந்திருந்தால் விழுந்திருப்பார். இவர்க்கோ, இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது முந்திய மாதத் தெருவோட்டத்திலேயே தெரிந்திருந்தது.

முடிவிடத்துக்குச் சற்று முன்னே, எதியோப்பியாவின் பழம்பெரும் நகராகிய அக்சுமிலிருந்து 1937இல் இத்தாலியர் கவர்ந்து சென்று நாட்டிய உயர்ந்த கற்றூண் நின்றது. அவ்விடத்தை அடைந்ததும் அபேபே வேகத்தைக் கூட்டினார். ராடி பின்தங்கினார். கொன்ஸ்தந்தைன் வளைவின் கீழே அபேபே வந்து சேர்ந்தபோது கடிகாரம் 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடி காட்டிற்று. உருசிய வீரர் செர்கே பொப்பொவ் 1958இல் ஓடிய உலகின் மிக விரைவான நேரத்தை ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தால் முந்திவிட்டார். ராடி 25 விநாடி பிந்தி வந்தார். சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவிலிருந்து வந்து ஒலிம்பிக்கிலே தங்கம் வென்ற முதற் கறுப்பின வீரர் அபேபேயே. தம் நாட்டின்மேற் படையெடுத்தவரின் தலைநகரிலே அது நிகழ்ந்தமை பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. அக்கற்றூண் 2005இல் எதியோப்பியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டு, 2008இல் அக்சுமிலே மீண்டும் நிறுத்தப்பட்டது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

நாடு திரும்பியவரைப் பேரரசர் பதவியுயர்த்திச் சிறப்பித்தார். ஆயினும் அவ்வாண்டு டிசெம்பரிலே மெய்காவற் படைத்தலைவர் பேரரசருக்கு மாறாகக் கிளர்ச்சி செய்தபோது, அப்படையைச் சேர்ந்தவராதலின் அபேபேயும் சிறைப்படுத்தப்பட்டுப் பின் மன்னித்து விடப்பட்டார். மூன்று மாதத்துக்குள் மாலையும் விலங்கும்.

1961இல் அதென்ஸ், ஒசாக்கா, கொசிட்சே ஆகிய மூன்று நகரங்களில் மரதன் ஓடி மூன்றிலும் வென்றார். 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஓடினார். அந்நகரிருக்கும் மசச்சூசெற்ஸ் மாநிலத்தோடு வல்வெட்டித்துறைக்கு ஓர் உறவுண்டு. இங்கே கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் சென்று சேர்ந்த குளொஸ்ரர் துறைமுகம் அம்மாநிலத்ததே. நம் கப்பல் அங்கே சுகமாகச் சேர்ந்தது. அபேபேக்கோ அந்நாள் வாய்க்கவில்லை. அவரும் அவர் நாட்டவரான மாமோ வொல்டேயும் தொடக்கத்தே கடும் வேகத்தில் முன்னின்று, மேடுகளிலே தளர்ந்தனர். அபேபே ஐந்தாமவராக வந்தார். தம் வாழ்நாளில் அவர் ஓடி முடித்தும் வெல்லாத மரதன் ஓட்டம் அது ஒன்றே. தோல்வி கண்டவர் நொந்துபோய் ஒதுங்கவில்லை. ஓராண்டுக்கு மேலாக வேறு மரதன் ஓடாது பயிற்சியில் ஊன்றினார்.

1964இல் ஜப்பானின் ரோக்கியோ நகரில் அடுத்த ஒலிம்பிக். புறப்படும் நாள் நெருங்கியிருந்த வேளையில், செப்டெம்பர் நடுப்பகுதியிலே, அபேபே வயிற்றுவலியால் வீழ்ந்தார். குடல்வால் அழற்சி என்று கண்டு சத்திரசிகிச்சை செய்தனர். போட்டிக்கு ஆறு வாரமும் இருக்கவில்லை. நம் ஊரிலே குடல்வாலை வெட்டியவருக்கு ஆறு மாதம் தண்ணீர்க்குடமும் தூக்கவிடார். அவரோ மருத்துவமனை முற்றத்திலே இரவு வேளையில் மெல்ல ஓடத் தொடங்கினார் என்பர்.

ஒக்டோபர் 14ஆம் நாள், 10,000 மீற்றர் ஓட்டத்திலே நம் நாட்டு ரணதுங்க கருணானந்த எல்லாரும் முடித்த பின்னும் தன்னந்தனியாக மிச்சச் சுற்றுக்களை ஓடிக் கடைசியாய் வந்து, ஜப்பானியரின் உள்ளத்தைக் கவர்ந்தார். ஒரு வாரங் கழித்து, 21ஆம் நாள், அதே அரங்கிலிருந்து மரதன் புறப்பட்டது. இம்முறை அபேபே காலணி அணிந்திருந்தார். பாதிவழி போகுமுன்னரே முன்னணிக்கு வந்தவர், பின்னர் எவருடைய காலடியோசையையும் கேட்கவில்லை. 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் அரங்கினுட் புகுந்து முடித்தார். அதுவும் உலகின் மிக விரைவான நேரமே. முடித்தவர் வீழ்ந்து கிடக்கவுமில்லை, நீர் கேட்கவுமில்லை. புற்றரையிலே குனிந்தும் நிமிர்ந்தும், முதுகைத் தரையிற் கிடத்திக் காலை உயர்த்தியும் உடற்பயிற்சி செய்யலானார். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் வியப்பால் ஆர்ப்பரித்தனர். இரண்டாம் இடத்துக்குரிய இங்கிலாந்தின் பேசில் ஹீற்லி வந்து சேர நான்கு நிமிடத்துக்கு மேலாயிற்று. ஒலிம்பிக் மரதனை இருமுறை வென்றவர் அதற்குமுன் எவருமிலர்.

அரங்கத்தார் அவ்வுடற்பயிற்சியைச் செருக்கென்று கொண்டனரோ விந்தையென்று கொண்டனரோ அறியோம். நமக்கோ அது ஓர் ஏழையின் கணக்குப் புத்தகம் போலத் தோன்றுகின்றது. வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று அங்கேயே பார்த்துக்கொள்கிறார்.

இனி வருவது கடினமான பகுதி. 1966இல் ஸ்பெயினின் சரௌத்ஸ் நகரிலும், கொரியாவின் இஞ்சொன் சியோல் வீதியிலும் வென்ற அபேபே, 1967 ஜூலையிலே அதே சரௌத்ஸ் ஓட்டத்தை முடிக்க இயலாமல் விலகினார். காலிலே ஊறு. முன்னைய ஆண்டு வென்ற அதே ஊரில், அதே ஓட்டத்தில் நேர்ந்ததாகலின், உடம்பு தன் நிலையை அவர்க்கு இவ்வளவு தெளிவாக வேறெங்கும் சொல்லியிருக்க முடியாது. அந்த ஊறு பின்னர் முற்றாக நீங்கவேயில்லை. இருந்தும் 1968 ஒக்டோபரிலே மெக்சிக்கோ ஒலிம்பிக்கிற் களமிறங்கினார். மூன்றாம் முறையும் வெல்லுவார் என்று உலகம் எதிர்பார்த்தது. 1ஆம் இலக்கம் அவர் மார்பிலே இருந்தது. ஏறத்தாழ 17 கிலோமீற்றர் ஓடியதும் வலி பொறுக்காமல் விலகினார். உடனோடிய மாமோ வொல்டே தொடர்ந்து ஓடித் தங்கத்தை எதியோப்பியாவுக்கே பெற்றுத் தந்தார்.

அவர் மெக்சிக்கோவுக்குப் போயிருக்கக் கூடாது என்று சொல்லும் துணிவு நமக்கில்லை. பேரரசும் மக்களும் எதிர்பார்த்திருக்க, ஒரு படைவீரர் எவ்வாறு மறுப்பார்? எனினும், வெள்ளோட்டத்திற் கசிவு கண்ட கப்பலை நம்மூர்த் தண்டையல்மார் சரக்கேற்றி விடமாட்டார்கள். சோதனையோட்டம் வைப்பது எளிது. அது சொன்னதை ஏற்பதே அரிது. வெற்றி பெற்றவர்க்கு அது இன்னும் அரிது. பழைய நேரங்கள் காதுக்குள் ஓதிக்கொண்டேயிருக்கும். பழைய மாணவர் சங்கத்தார் வைக்கும் ஓட்டங்களிலும் நாம் இதையே காண்கிறோம். நாற்பத்தைந்து வயதினர், தாம் பதினேழு வயதில் ஓடிய நேரத்தையே இன்றைய நேரமென்று நம்பிக்கொண்டு புறப்பட்டு, முதலாம் சந்தியிலேயே கடைவாங்கிற் குந்திவிடுகின்றனர். அவர்கள் கோபியாராக. அவர்களுள் நாமும் அடக்கம்.

அமெரிக்க விமானப்படை மருத்துவர் கெனத் கூப்பர், அந்த 1968ஆம் ஆண்டிலேதான், பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதைக் கொண்டு அவர் உடல்நலத்தை மதிப்பிடும் முறையை வெளியிட்டார். வயதுக்கு வயது அளவு வேறு. அதிலே பழைய பதக்கத்துக்கு மதிப்பெண் இல்லை.

1969 மார்ச் 22ஆம் நாள் இரவு, அபேபே ஓட்டிச் சென்ற சிறு கார் தடம்புரண்டது. பேரரசர் பரிசாக வழங்கிய வொக்ஸ்வாகன் கார் அது. விடியும்வரை அதனுள்ளே சிக்கிக் கிடந்தார். கழுத்தருகே தண்டுவடம் சேதமுற்றது. இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் மருத்துவமனையில் எட்டு மாதம் சிகிச்சை பெற்றார். தொடக்கத்தே தலையைத் திருப்பவும் முடியாதிருந்தவர், கைகளின் இயக்கத்தை ஓரளவு மீளப் பெற்றார். கால்கள் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

உலகிலே அதிவேகமான கால்களை உடையவர், அக்கால்களை அசைக்கமாட்டாமற் சக்கர நாற்காலியில் இருந்த நிலையை நாம் வருணிக்கப் போவதில்லை. அவர் செய்ததைச் சொல்வோம். 1970இல் ஸ்ரோக் மண்டவிலில் ஊனமுற்றோர்க்கு நடந்த விளையாட்டுப் போட்டியிலே வில்லெடுத்து அம்பெய்தார். அங்கே அவர் பெருவீரர் அல்லர். புதிதாகக் கற்கும் மாணவர். முன்பு அசையாதிருந்த கை இன்று எவ்வளவு இழுக்கிறது என்பதே அங்கே கேள்வி. 1971 ஏப்ரலில் நோர்வே நாட்டுக்குச் சென்று, பனிமேற் செலுத்தும் சறுக்குவண்டிப் போட்டியிற் கலந்துகொண்டார். பனியோடு பழக்கமில்லாத நாட்டிலிருந்து வந்தவர், 25 கிலோமீற்றர் ஓட்டத்திலே முதலாவதாக வந்தார்.

இதை நாம் வியப்பது வெற்றிக்காக அன்று. முப்பத்தொன்பதாம் வயதை நெருங்குபவர், உரோமாபுரியின் நேரத்தையும் ரோக்கியோவின் நேரத்தையும் மறுபக்கம் வைத்துவிட்டு, அன்றைய கையை அன்றைய தூரத்திலே அளந்து பார்த்தார் என்பதற்காக. அடிஸ் அபாபாத் தெருவிலே 1960இல் செய்ததும் இதுவே. அன்று அளவு பெரிதாயிருந்தது.

1972இல் மியூனிக் ஒலிம்பிக்குக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டார். சக்கர நாற்காலியில் அவர் அரங்கினுள் வந்தபோது கூட்டம் எழுந்து நின்று வரவேற்றது. அடுத்த ஆண்டு, 1973 ஒக்டோபர் 25ஆம் நாள், விபத்தின் விளைவாக ஏற்பட்ட மூளைக் குருதிப்பெருக்கால் அடிஸ் அபாபாவிலே காலமானார். வயது நாற்பத்தொன்று. மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டுச் சென்றார். பேரரசர் உட்படப் பல்லாயிரவர் இறுதிச் சடங்கிற் கலந்துகொண்டனர். தலைநகரிலே புனித யோசேப்பு மயானத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அந்நகரின் விளையாட்டரங்கு ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.